வியட்நாமில் பைக் ஓட்ட நம்மூர் ஐடிபி செல்லுமா?

கேள்வி: நானும் மூன்று நண்பர்களும் வரும் மார்ச்சில் வியட்நாம் போகிறோம். ஹனோயிலிருந்து ஹா ஜியாங் போய், அங்கே 150 சிசி பைக்குகளை வாடகைக்கு எடுத்து நான்கு நாளில் மலைச் சுற்றை முடிப்பதாகத் திட்டம். எனக்குக் கியர் பைக் லைசென்ஸ் பதினோரு வருடமாக இருக்கிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி ஐடிபியும் (வெளிநாட்டில் ஓட்டுவதற்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி) வாங்கிவிட்டேன். போன வருடம் தாய்லாந்து போன நண்பர் இதே ஐடிபியைக் காட்டித்தான் ஸ்கூட்டர் ஓட்டினார். வாடகைக் கடைக்காரரும் "பிரச்சினை இல்லை" என்கிறார். ஆனால் அங்கே இந்தியர்களைப் பிடித்து அபராதம் போடுகிறார்கள் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். எங்களில் ஒருவருக்குக் கார் லைசென்ஸ் மட்டும்தான். பிடிபட்டால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்? டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறோம், அது போதுமா? — கோவை வாசகர்

பதில்: உங்கள் ஐடிபி வியட்நாமில் செல்லாது. நீங்கள் முறையாக வாங்கியது, உண்மையான ஆவணம், தாய்லாந்தில் செல்லும். ஆனால் வியட்நாமில் அதைக் காட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவர் என்றுதான் போலீஸ் எழுதும். பயமுறுத்தியவர்கள் சொன்னது சரி. கடைக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம்.

காரணம் எளிது. சாலைப் போக்குவரத்துக்கு இரண்டு பன்னாட்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஒன்று 1949இல் ஜெனீவாவில் ஆனது, இன்னொன்று 1968இல் வியன்னாவில் ஆனது. இந்தியா 1949 ஒப்பந்தத்தில் மட்டும் இருக்கிறது. வியட்நாம் 2014இல் 1968 ஒப்பந்தத்தில் சேர்ந்தது, 1949இல் இல்லை. இரண்டு நாடுகளுக்கும் பொதுவான ஒப்பந்தமே கிடையாது என்பதால் இங்கே கொடுத்த அனுமதியை ஏற்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. தாய்லாந்து 1949 ஒப்பந்தத்தில் இருப்பதால் உங்கள் நண்பருக்கு அங்கே சிக்கல் வரவில்லை. ஐடிபி என்றால் உலகம் முழுக்கச் செல்லும் என்று பயண ஏஜென்டுகளே சொல்லிவிடுவதுதான் இந்தக் குழப்பத்துக்கு மூலம்.

கையிலுள்ள புத்தகத்தை எடுத்து அட்டையைப் பாருங்கள். 1949ஆம் வருட ஒப்பந்தத்தின்படி வழங்கப்பட்டது என்று அச்சாகியிருக்கும். வியட்நாம் போக்குவரத்துப் போலீஸ் முதலில் தேடுவது அந்த வருடத்தைத்தான். அங்கே 1968 என்று இருந்தால்தான் அடுத்த கேள்விக்கே போவார்கள். அடுத்த கேள்வி, உள்ளே 'ஏ' என்ற பைக் பிரிவில் முத்திரை இருக்கிறதா என்பது. கார் லைசென்ஸ் மட்டும் உள்ள உங்கள் நண்பர் எந்த நாட்டு ஐடிபி வைத்திருந்தாலும் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். லைசென்ஸ் தேவைப்படும் பைக்கை அவர் ஓட்டவே கூடாது, தாய்லாந்திலும்கூட.

இணையத்தில் ஐம்பது, அறுபது டாலருக்கு 'சர்வதேச லைசென்ஸ்' விற்கும் தளங்கள் உண்டு. 1968 என்று அட்டையில் அடித்தும் தருவார்கள். அது வெறும் மொழிபெயர்ப்புக் காகிதம். லைசென்ஸ் கொடுத்த நாட்டின் அரசோ, அரசு அங்கீகரித்த அமைப்போ தராத எதுவும் ஐடிபி ஆகாது. இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 1968 ஐடிபி வாங்க நேர்மையான வழி எதுவும் இல்லை. இலங்கை, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா லைசென்ஸ் வைத்திருக்கும் தமிழர்களுக்கும் இதே நிலைதான். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளின் பைக் லைசென்ஸ் இருப்பவர்கள் மட்டும் அங்கே 1968 ஐடிபி வாங்கி, சொந்த நாட்டு லைசென்ஸையும் கூடவே வைத்துக்கொண்டு ஓட்டலாம். பிரிட்டனில் இரண்டு விதமும் தருகிறார்கள், கேட்டு வாங்க வேண்டும். பாஸ்போர்ட் எந்த நாடு என்பதைவிட லைசென்ஸ் எந்த நாடு என்பதுதான் இங்கே கணக்கு.

அபராதத்துக்கு வருவோம். 2025 ஜனவரி 1 முதல் 168/2024 என்ற அரசாணை நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் போய்வந்தவர்கள் சொல்லும் தொகைகளை மறந்துவிடுங்கள், பலவும் பல மடங்கு ஏறிவிட்டன. லைசென்ஸ் இல்லாமல் 125 சிசி வரையிலான பைக் ஓட்டினால் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாங் (வியட்நாம் பணம்). 125 சிசிக்கு மேல் என்றால் 60 லட்சம் முதல் 80 லட்சம். கூட்டவோ குறைக்கவோ தனிக் காரணம் இல்லாவிட்டால் நடுத் தொகையைப் போடுவதுதான் அவர்கள் விதி. அதாவது 30 லட்சம் அல்லது 70 லட்சம் டாங். 300 டாங்கை ஒரு ரூபாய் என்று தோராயமாக வைத்தால் முதலாவது 10,000 ரூபாய், இரண்டாவது 23,000 ரூபாய். ஹா ஜியாங்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஹோண்டா எக்ஸ்ஆர் 150, வின்னர் எக்ஸ் இரண்டுமே 125ஐத் தாண்டியவை. நீங்கள் நினைத்திருக்கும் பைக் பெரிய தொகைக் கணக்கில்தான் வரும், அதுவும் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

தொகையோடு முடிவதில்லை. வண்டியை 7 வேலை நாள் வரை பறிமுதலில் வைக்கலாம். நான்கு நாள் பயணத்தில் இதுதான் உண்மையான அடி. மலை நடுவில் வண்டி போய்விடும். இழுத்துச் சென்ற செலவு, நிறுத்திவைத்த கட்டணம், கடைக்காரருக்கு அத்தனை நாள் வாடகை என்று எல்லாம் உங்கள் தலையில் விழும். கடையில் பாஸ்போர்ட்டை அடகுபோல வைத்திருந்தால் அது திரும்பி வருவதும் அந்தக் கணக்கு தீர்ந்த பிறகுதான். எந்தப் பைக்குக்கும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். நகலும் ரொக்க முன்பணமும் போதும் என்கிற கடையைத் தேடுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். தகுதி இல்லாதவருக்கு வண்டி கொடுத்த உரிமையாளருக்கும் அதே அரசாணையில் அபராதம் உண்டு. தனிநபர் என்றால் 80 லட்சம் முதல் 1 கோடி டாங், நிறுவனம் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. அதனால்தான் சில கடைகள் "என்னிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கிறது, எல்லாப் பொறுப்பும் என்னுடையது" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குகின்றன. வாயால் "பிரச்சினை இல்லை" என்பவர் தாளில் என்ன எழுதிவைத்திருக்கிறார் என்று படித்துப் பாருங்கள். நாளைக்கு விபத்து என்றால் அந்தத் தாள்தான் முதலில் வெளியே வரும்.

சோதனையில் நிறுத்தினால் நடைமுறை இப்படி. கேட்பது நான்கு: பாஸ்போர்ட், லைசென்ஸோடு ஐடிபி, வண்டியின் பதிவு அட்டை, கட்டாய இன்ஷூரன்ஸ். குற்றம் இருந்தால் 'பியென் பான்' என்ற பதிவுத் தாள் எழுதுவார்கள். அதில் உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், வண்டி எண், எந்தப் பிரிவு என்பதெல்லாம் இருக்கும். எண்களைச் சரிபார்த்து ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ஹா ஜியாங் மாகாணம் 2025 ஜூலையில் துயென் குவாங் மாகாணத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. தாளின் தலைப்பில் துயென் குவாங் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அபராத முடிவு கைக்கு வந்ததிலிருந்து 10 நாளுக்குள் வங்கியிலோ அரசின் இணையச் சேவைத் தளத்திலோ கட்டலாம். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 0.05 சதவீதம் ஏறும். ரசீதைக் காட்டித்தான் வண்டியையும் தாள்களையும் மீட்க முடியும். கட்டாமல் விமானம் ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அபராத முடிவு நிலுவையில் உள்ள வெளிநாட்டவரின் புறப்பாட்டை நிறுத்திவைக்க அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

"போலீஸ் கையில் கொஞ்சம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள்" என்ற யோசனையையும் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சிறு தொகை அபராதங்களை அங்கேயே கட்டச் சட்டத்தில் வழி உண்டு, அதற்கு ரசீது உண்டு. லைசென்ஸ் குற்றம் அந்த வகையில் சேராது. ரசீது இல்லாமல் கொடுப்பது லஞ்சம், நீட்டுபவரும் குற்றவாளிதான். அப்படிக் கொடுத்துத் தப்பினாலும் அடுத்த சோதனைச் சாவடியில் மறுபடி அதே கதைதான். வண்டியை மேற்கொண்டு ஓட்டும் உரிமை அந்தப் பணத்தால் வந்துவிடாது.

இதுவரை சொன்னது முழுக்கப் பண நட்டம். உங்கள் கேள்வியில் அபராதத்தைப் பற்றி நிறைய இருந்தது, விபத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் கவலை அங்கேதான்.

வியட்நாம் குற்றவியல் சட்டத்தின் 260ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். சாலை விதியை மீறி ஒருவர் உயிரிழந்தாலோ, உடலில் 61 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று மருத்துவக் குழு மதிப்பிட்டாலோ வழக்கு இந்தப் பிரிவில் வரும். சாதாரணமாக அபராதம் அல்லது ஓராண்டு முதல் ஐந்தாண்டு சிறை. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால் அதே விபத்துக்கு மூன்று முதல் பத்தாண்டு சிறை. குடித்திருந்தாலும், விபத்து நடந்த இடத்திலிருந்து ஓடினாலும் அதே உயர்ந்த தண்டனைதான். விசாரணை முடியும்வரை நாட்டை விட்டு வெளியேற முடியாது. பதினோரு வருடம் விபத்தே இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்பதை உங்களுக்குச் சாதகமாக எடுத்துப் பேச அங்கே இடமே கிடைக்காது. தாளில் 'லைசென்ஸ் இல்லை' என்று எழுதப்பட்டுவிடும்.

இன்ஷூரன்ஸ் காப்பாற்றுமா என்றால், இரண்டு இன்ஷூரன்ஸும் கைவிடும். வண்டியோடு வரும் கட்டாயக் காப்பீடு எதிரில் அடிபட்டவருக்கானது. உயிருக்கும் உடலுக்கும் ஆளுக்கு 15 கோடி டாங் வரை, பைக் விபத்தில் பொருள் சேதத்துக்கு 5 கோடி டாங் வரை கொடுக்கும். ஓட்டியவரிடம் செல்லும் லைசென்ஸ் இல்லை என்றால் நிறுவனம் பொறுப்பேற்காது என்று அதன் விதியிலேயே இருக்கிறது. 15 கோடி டாங் என்பது ஏறத்தாழ 5 லட்சம் ரூபாய். அதை அடிபட்டவர் குடும்பத்துக்கு நீங்களே கொடுக்க வேண்டிவரும்.

உங்கள் டிராவல் இன்ஷூரன்ஸ் பாலிசியில் விலக்குகள் பகுதியைத் திறந்து பாருங்கள். சட்டத்தை மீறிய செயலால் வந்த காயம், உரிய லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, மது அருந்தியிருந்தது, இந்த மூன்றும் அநேகமாக எல்லாப் பாலிசியிலும் விலக்காக இருக்கும். சில பாலிசிகளில் சிசி வரம்பும் உண்டு. 'லைசென்ஸ்' என்று மட்டும் இருந்தால் இந்திய லைசென்ஸ் போதும் என்று அர்த்தப்படுத்திக்கொள்ளாதீர்கள், விபத்து நடந்த நாட்டில் செல்லும் லைசென்ஸ் என்றுதான் அவர்கள் வாசிப்பார்கள். ஹா ஜியாங் மலையில் தொடை எலும்பு முறிந்தால் பெரிய அறுவை சிகிச்சைக்கு ஹனோய்க்குத்தான் கொண்டுபோக வேண்டும், சுமார் 300 கிலோமீட்டர். அந்த ஆம்புலன்ஸும், தனியார் மருத்துவமனை முன்பணமும், தாங்கிப்பிடித்து ஊர் கொண்டுவரும் விமானச் செலவும் சேர்ந்தால் உங்கள் நால்வரின் மொத்தப் பயணச் செலவையும் பல மடங்கு தாண்டிவிடும். கிளெய்மை நிராகரிக்க அவர்களுக்கு ஒரு வரி போதும், அந்த வரி போலீஸ் பதிவில் ஏற்கெனவே இருக்கும்.

ஆகவே என் ஆலோசனை, சுற்றுக்குப் போங்கள், ஹேண்டில்பாரைப் பிடிக்காதீர்கள். அந்தப் பாதையில் 'ஈஸி ரைடர்' என்று ஒரு ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. உள்ளூர் ஓட்டுநர் ஓட்டுவார், நீங்கள் பின்சீட்டில். ஆளுக்கொரு ஓட்டுநர், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாள் கணக்கில் பேசலாம். ஓட்டாமல் என்ன பயணம் என்று தோன்றும், புரிகிறது. ஆனால் குவான் பா, யென் மின் தாண்டி டோங் வானுக்கும் மியோ வாக்குக்கும் நடுவே மா பி லெங் கணவாய் வரும்போது பின்சீட்டுக்காரருக்குத்தான் கீழே நோ குவே ஆறு முழுசாகத் தெரியும். ஓட்டுபவர் கண் வளைவில்தான் இருக்க வேண்டும். முதுகுவலி உள்ளவர்களும் குடும்பத்தோடு போகிறவர்களும் ஜீப்பை ஓட்டுநரோடு எடுப்பது நல்லது.

பதிவு செய்யும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: ஓட்டுநரிடம் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கான 'ஏ' லைசென்ஸ் இருக்கிறதா (2025 முதல் ஏ1 என்பது 125 சிசி வரைதான்), வண்டிக்கு நடப்புக் காப்பீடு உண்டா, முழு ஹெல்மெட்டும் முழங்கால் காப்பும் தருவார்களா. முட்டை ஓடு மாதிரி மெல்லிய அரை ஹெல்மெட்டைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, "லைசென்ஸ் உள்ள ஓட்டுநரின் 150 சிசி பைக்கில் பின்சீட்டில் போனால் விபத்துக்குக் காப்பீடு உண்டா" என்று கேட்டுப் பதிலைக் கையில் வையுங்கள். போனில் சொல்வதை நம்பி ஏறாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை கூடுதலாக. அந்த மலை வீடுகளில் இரவுச் சாப்பாட்டோடு சோளச் சாராயம் ஊற்றித் தருவார்கள், உபசாரம் பலமாக இருக்கும். வியட்நாமில் ஓட்டுபவருக்கு மது வரம்பு பூஜ்யம். முந்தைய இரவு குடித்தது காலையில் மூச்சில் இருந்தாலும் பைக்குக்கு 20 முதல் 30 லட்சம் டாங்கில் ஆரம்பித்து, அளவு கூடினால் 80 லட்சம் முதல் 1 கோடி வரை போகும், வண்டியும் பறிமுதல். உங்கள் ஓட்டுநருக்கு ஊற்றிக்கொடுத்து உட்காரவைக்காதீர்கள். மறுநாள் உங்கள் உயிர் அவர் கையில்.

நகரங்களில், ஹோய் ஆன் போன்ற சின்ன ஊர்களில், நீங்களே ஓட்டியாக வேண்டும் என்றால் சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. 50 சிசி வரையிலான, அல்லது 4 கிலோவாட் வரை மோட்டார் உள்ள, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகாத மொபெட்டுக்கு 16 வயது ஆனவருக்கு லைசென்ஸ் தேவையில்லை. கார் லைசென்ஸ் நண்பரும் ஓட்டலாம். கடைக்காரர் வாயால் "50 சிசி" என்று சொன்னால் போதாது. பதிவு அட்டையை வாங்கி, கொள்ளளவு என்ற கட்டத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 49 என்று இருக்க வேண்டும். 109 என்று இருந்தால் அது ஹோண்டா விஷன் போன்ற சாதாரண ஸ்கூட்டர், லைசென்ஸ் வேண்டும். மொபெட்டுக்கும் ஹெல்மெட், காப்பீடு, விதிகள் எல்லாம் உண்டு. ஹா ஜியாங் மலைக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள், ஏற்றத்தில் மூச்சுவிடாது, இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும்.

ஓட்டும்போது நம்மூர்க் கைகள் எங்கே தவறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நமக்கு இடப்பக்கம் 'ஃப்ரீ லெஃப்ட்' பழக்கம் இருப்பதால் அங்கே சிவப்பு விளக்கில் வலது பக்கம் தானாகவே திரும்பிவிடுவோம். தனிப் பலகையோ பச்சை அம்போ இல்லாமல் அப்படித் திரும்பினால் சிக்னல் மீறல், பைக்குக்கு 40 முதல் 60 லட்சம் டாங். நடைபாதையில் ஏறுவதும், ஒருவழிப் பாதையில் எதிரே வருவதும் அதே தொகை. விரைவுச் சாலையில் பைக் நுழையவே கூடாது. கூகுள் மேப்பில் பைக் முறையைத் தேர்ந்தெடுக்காமல் கார் பாதையைப் பின்பற்றுபவர்கள் அங்கே மாட்டுகிறார்கள். ஹெல்மெட் இல்லாமலோ, வாரைக் கட்டாமலோ போனால் 4 முதல் 6 லட்சம் டாங். கையில் போனைப் பிடித்து வழி பார்த்தால் 8 முதல் 10 லட்சம்.

யாருக்காவது விபத்து நடந்துவிட்டால் வண்டியை நகர்த்தாதீர்கள், இடத்தை விட்டுப் போகாதீர்கள். ஆம்புலன்ஸ் 115, போலீஸ் 113. அடிபட்டவருக்கு உதவி வந்த பிறகு இன்ஷூரன்ஸின் 24 மணி நேர எண்ணுக்கும், வடக்கே என்றால் ஹனோயிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கும், தெற்கே என்றால் ஹோ சி மின் நகரத் துணைத் தூதரகத்துக்கும் தெரிவியுங்கள். எதிர்த்தரப்போடு ரொக்கமாகப் பேசி முடித்தாலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், பிறகு மருத்துவமனையில் நிலை மோசமானால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு இருக்காது. புரியாத மொழியில் உள்ள வாக்குமூலத்தில் மொழிபெயர்ப்பாளர் வராமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

வாங்கிய ஐடிபி வீணில்லை. வழங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். அந்தக் கெடுவுக்குள் தாய்லாந்து போனால் உங்களுக்குப் பயன்படும், இந்திய லைசென்ஸின் மூலத்தையும் சேர்த்து எடுத்துப் போங்கள். வியட்நாமுக்கு இப்போதே செய்ய வேண்டியது, கடையில் நான்கு பைக்குகளுக்கு முன்பணம் கட்டியிருந்தால் அதை ஓட்டுநரோடு கூடிய பதிவாக மாற்றித் தரச் சொல்லி எழுதுங்கள். மார்ச் சீசனில் நல்ல ஓட்டுநர்கள் சீக்கிரம் பதிவாகிவிடுவார்கள்.